தவணை முடியுமுன் வண்டியை மாற்றலாமா?

தோட்டத்துப் பாட்டாளிகளின் வீடுகளில் மோட்டார் சைக்கிளும் காரும் இன்று ஆடம்பரப் பொருள்கள் அல்ல. பிள்ளைகளின் பள்ளிக்கும், மருத்துவமனைக்கும், பட்டணத்து வேலைக்கும் சென்றுவர அவை இன்றியமையாதவை. அவற்றுள் பல தவணை முறையில் வாங்கப்பட்டவை. தவணை முடிவதற்கு முன்பே பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளச் சிலர் விரும்புகின்றனர். இதற்குச் சட்டத்தில் இடமுண்டு. எனினும், கணக்கறியாமல் இதில் இறங்குவோர் பழைய வண்டியின் கடனையும் புதிய வண்டியின் கடனையும் சேர்த்துச் சுமக்க நேரிடும்.

வண்டி யாருக்குச் சொந்தம்?

நம் நாட்டில் தவணை முறைக் கொள்முதலை 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இச்சட்டத்தின்படி, கடைசித் தவணை செலுத்தப்படும்வரை வண்டியின் உரிமையாளர் வங்கியே. அதை ஓட்டுபவர் வாடகைக்கு எடுத்தவராகவே கருதப்படுவார். ஆகவே, வங்கியின் சம்மதமின்றி வண்டியைப் பிறருக்கு விற்பதோ கைமாற்றுவதோ கூடாது. "நீங்கள் வண்டியைக் கொடுங்கள், மீதித் தவணையை நான் கட்டுகிறேன்" என்று கூறும் 'சம்போங் பாயார்' ஏற்பாடு மிகவும் ஆபத்தானது. வாங்கியவர் கட்டத் தவறினாலும், வண்டியுடன் மறைந்துவிட்டாலும், வங்கி கடிதம் அனுப்புவது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கே.

கடன் எவ்வளவு மிச்சம்?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் கார் வாங்க 30,000 வெள்ளி கடன் பெறுகிறார். ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலையான வட்டி, தவணைக் காலம் 5 ஆண்டு. வட்டி 6,000 வெள்ளி. மொத்தம் 36,000 வெள்ளி. மாதத் தவணை 600 வெள்ளி.

நிலையான வட்டியில் எழுதப்பட்டு, '78 விதி' என்னும் முறையில் கணக்கிடப்படும் ஒப்பந்தத்தில், ஒவ்வொரு மாதமும் வட்டி சம அளவில் கழிவதில்லை. ரப்பர் மரத்தை வெட்டியவுடன் பால் விரைந்து வடிந்து, நேரம் செல்லச் செல்லச் சொட்டுச் சொட்டாகக் குறைவதை நாம் அறிவோம். வட்டியும் அவ்வாறே. மேற்கண்ட கடனில் முதல் மாதத் தவணையான 600 வெள்ளியில் சுமார் 197 வெள்ளி வட்டிக்கே போய்விடும். கடைசி மாதத்திலோ வட்டி 3 வெள்ளி 28 காசு மட்டுமே.

இவர் 24 தவணைகளைக் கட்டியபின் கடனை முடிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 36 தவணைகளுக்கு 21,600 வெள்ளி. அதில் வட்டிக் கழிவாக ஏறத்தாழ 2,184 வெள்ளி கிடைக்கும். எனவே, கட்டவேண்டியது 19,416 வெள்ளி. இரண்டு ஆண்டுகளில் 14,400 வெள்ளி கட்டியிருந்தும் அசல் கடனில் குறைந்தது 10,584 வெள்ளிதான்.

வியாபாரி அந்தக் காரை 17,000 வெள்ளிக்கு எடுத்துக்கொள்வாரானால் 2,416 வெள்ளி குறைகிறது. "கையிலிருந்து ஒரு காசும் தரவேண்டாம்" என்று வியாபாரி கூறலாம். அந்தக் குறை மறைந்துவிடுவதில்லை. புதிய வண்டியின் விலையில் அது ஏற்றப்பட்டால், அதற்கும் சேர்த்துப் பல ஆண்டுகள் வட்டி கட்டவேண்டும். மாறாக, அதே மனிதர் 48 தவணைகள் வரை பொறுத்திருந்தால், கட்டவேண்டிய கடன் சுமார் 6,944 வெள்ளியாக இறங்கிவிடும். அப்போது கார் 12,000 வெள்ளிக்குப் போனாலும் 5,000 வெள்ளிக்கு மேல் அவருக்கே மிஞ்சும். புதிய வண்டிக்கு அதை முன்பணமாகக் கொடுக்கலாம்.

செய்யவேண்டியவை

முதலாவதாக, வியாபாரியிடம் செல்வதற்கு முன் வங்கியிடம் சென்று, கடனை இன்றே முடிக்க எவ்வளவு கட்டவேண்டும் என்பதை எழுத்து மூலம் பெறுங்கள். எம்முறையில் வட்டி கணக்கிடப்படுகிறது என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவதாக, குறைந்தது இரண்டு மூன்று வியாபாரிகளிடமாவது பழைய வண்டிக்கு விலை கேளுங்கள். பழைய வண்டியின் விலையையும் புதிய வண்டியின் விலையையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, பழைய கடனை வியாபாரி கட்டிவிட்டதாகச் சொன்னால் அதை வங்கியிடமே உறுதிப்படுத்துங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவில் வண்டி உங்கள் பெயரிலிருந்து மாற்றப்பட்டதா என்பதையும் பாருங்கள். இல்லையேல் போக்குவரத்து அபராதங்கள் உங்களைத் தேடிவரும்.

தவணை கட்ட முடியாதபோது

வங்கி வண்டியைப் பறித்துவிடுமோ என்ற அச்சத்தால் அவசரப்பட்டு மாற்றுவோரும் உண்டு. பொதுவாக, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறிய பின்னரே, 21 நாள் எழுத்து அறிவிப்புத் தந்து வண்டியை எடுக்க வங்கிக்கு உரிமையுண்டு. அதற்குள் வங்கியிடம் நேரில் பேசுவதே நன்று. வண்டியைத் தாமாகவே திருப்பிக் கொடுத்தாலும் கடன் தீர்ந்துவிடாது; விற்ற விலை போதாவிட்டால் மீதியைக் கட்டவேண்டும். கடன் நெருக்கடியில் இருப்போர், பேங்க் நெகாராவால் 2006இல் அமைக்கப்பட்ட ஏ.கே.பி.கே. நிறுவனத்தில் இலவச ஆலோசனை பெறலாம்.

புதிய வண்டியின் மினுமினுப்பு சில மாதங்களில் மங்கிவிடும். தவணையோ பல ஆண்டுகள் தொடரும். ஆகவே, கையெழுத்திடுவதற்கு முன் இரண்டு தொகைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: வங்கிக்குக் கட்டவேண்டியது எவ்வளவு, வண்டிக்குக் கிடைப்பது எவ்வளவு. கிடைப்பது குறைவாயின், பொறுத்திருப்பதே குடும்பத்திற்கு நன்மை.