படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை

பென் டிரைவை டிவியில் செருகினால் படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. அதே கோப்பு கணினியில் ஒரு குறையுமின்றி ஓடுகிறது. பேரனின் பிறந்த நாளை ஐபோனில் எடுத்து அனுப்பியிருப்பார்கள். தாத்தாவின் மடிக்கணினியில் குரல் மட்டும் கேட்கும், திரை கறுப்பாக நிற்கும். உடனே நம்மில் பலர், இணையத்தில் முதலில் கண்ணில் படும் கன்வர்ட்டரில் கோப்பைப் போட்டுவிடுகிறோம். பாதி நேரம் அந்த வேலையே தேவையில்லை. தேவையில்லாமல் செய்யும்போது படத்தின் தரமும் போய்விடுகிறது. போன தரம் திரும்பாது.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று கோப்புப் பெயரின் கடைசியில் நிற்பவை கொள்கலத்தின் பெயர்கள். டிபன் கேரியரைப் போல ஓர் அடுக்கில் காட்சி, ஓர் அடுக்கில் ஒலி, இன்னொன்றில் சப்டைட்டில் இருக்கும். காட்சி எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது தனிக் கேள்வி. அந்த முறைக்குத்தான் கோடெக் என்று பெயர்: எச்.264, எச்.265, விபி9, ஏவி1. ஒலிக்கும் அப்படியே ஏஏசி, ஏசி3, டிடிஎஸ் என்று பல உண்டு. அதனால்தான் எம்பி4 என்றே முடியும் இரண்டு கோப்புகளில் ஒன்று ஓடுகிறது, மற்றது ஓட மறுக்கிறது. பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றி வைப்பதால் உள்ளே ஒன்றும் மாறாது.

சுருக்காமலே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். முழு எச்டி படத்தின் ஒரு பிரேமில் 1920 × 1080 பிக்சல்கள். பிக்சலுக்கு மூன்று பைட் என்றால் ஒரு பிரேமுக்கு 62 லட்சம் பைட். நொடிக்கு 25 பிரேம், இரண்டு மணி நேரப் படம் என்று பெருக்கினால் 1,100 ஜிபியைத் தாண்டுகிறது. அதையே நாம் இரண்டு, மூன்று ஜிபியில் வைத்துப் பார்க்கிறோம். நூற்றுக்கணக்கான மடங்கு சுருக்கியும் கண்ணுக்குப் பெரிய குறை தெரியவில்லை என்பது அசாத்தியமான காரியம்.

அந்தக் காரியத்தின் வேரில் ஒரு பெங்களூர்க்காரர் இருக்கிறார். 1940இல் அங்கே பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, படத்தைச் சுருக்க கொசைன் அலைகளைப் பயன்படுத்தலாம் என்று 1972இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். யோசனை மிகவும் எளிமையானது என்று மதிப்பீட்டாளர் கருதினார், நிதி கிடைக்கவில்லை. அவர் விடவில்லை. தன் மாணவர் டி. நடராஜனோடும் கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். இன்று நாம் எடுக்கும் ஜேபெக் புகைப்படம் முதல் பார்க்கும் வீடியோ வரை அந்தக் கணக்கின் ஏதோ ஒரு வடிவம் உள்ளே ஓடுகிறது. நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் இந்த மூவரின் பெயரும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டினால் ஒவ்வொரு கட்டத்திலும் 64 எண்கள். கொசைன் உருமாற்றம் அவற்றை வேறு 64 எண்களாக்குகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்தவை மேலும் மேலும் நுணுக்கமான மாறுதல்கள். வானத்திலோ சுவரிலோ நுணுக்கம் குறைவு என்பதால் பின்னால் வரும் எண்கள் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அவற்றை வகுத்து, முழு எண்ணாக்கி, சிறியவற்றைப் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். இழப்பு நேரும் இடம் இதுதான். இதோடு, முந்தைய பிரேமிலிருந்து என்ன நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும் தந்திரமும் சேரும்போது கோப்பு இளைத்துவிடுகிறது.

கன்வர்ட்டர் மறுபடி என்கோடு செய்யும்போது, அதாவது சுருக்கும்போது, ஏற்கெனவே நுணுக்கம் இழந்த படத்தை முழுதாக விரித்து, திரும்பவும் இதே வெட்டலுக்கு உட்படுத்துகிறோம். முதல் சுருக்கத்தில் உண்டான கட்டம் கட்டமான கறைகளையும் புது என்கோடர் படத்தின் பகுதி என்றே நம்பி, அவற்றைக் காப்பாற்றவும் இடம் செலவழிக்கிறது. கோப்பின் அளவைப் பெரிதாக்கினாலும் போனது வராது.

டிவி ஏன் மறுக்கிறது? சுருக்கத்தை விரிக்கும் வேலையை அதிலிருக்கும் சிப் செய்கிறது. எந்தக் கோடெக்குக்குச் சுற்று பதித்திருக்கிறார்களோ, எதற்கு உரிமக் கட்டணம் கட்டியிருக்கிறார்களோ அது மட்டும் ஓடும். டிடிஎஸ் ஒலியைப் பல டிவிகள் ஏற்பதில்லை. ஊமைப் படத்துக்கு அடிக்கடி காரணம் அதுதான். கணினியில் மென்பொருளே விரித்துவிடும் என்பதால் விஎல்சி ஏறக்குறைய எதையும் ஓட்டுகிறது. 2003இல் வந்த எச்.264க்கு ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் சுற்று உண்டு. 2013இல் வந்த எச்.265 அதே தரத்தை ஏறத்தாழ பாதி இடத்தில் தரும். ஆனால் உரிமக் குழுக்கள் பல, கட்டணமும் பல. 2017 முதல் ஐபோன் அந்த எச்.265இல்தான் படம் பிடிக்கிறது. கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எச்.264இலேயே பதியும், பிறகு கன்வர்ட் செய்யும் பேச்சே வராது.

ஆகவே முதல் வேலை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. விஎல்சியில் கோடெக் விவரத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். காட்சி எச்.264ஆக இருந்து எம்கேவியைத்தான் டிவி ஏற்கவில்லை என்றால், கேரியரை மட்டும் மாற்றினால் போதும். சாப்பாட்டை மறுபடி சமைக்க வேண்டாம். ஏவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் ‘காப்பி’, வெளியீட்டுக்கு எம்பி4 என்று வைத்தால் ஒரு துளி தரமும் இழக்காமல் சில நிமிடங்களில் முடியும். சத்தம் மட்டும் வராவிட்டால், வீடியோவுக்குக் ‘காப்பி’, ஆடியோவுக்கு ஏஏசி. பலரும் பரிந்துரைக்கும் ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான். ஆனால் அது காட்சியை எப்போதும் மறுபடி என்கோடு செய்யும், அப்படியே விடாது. எச்.265ஐ எச்.264ஆக மாற்றியே தீர வேண்டும் என்றால் அதையே பயன்படுத்தலாம். அதில் தரத்துக்கு ஓர் எண் உண்டு. குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். எச்.264க்கு 20ஐ ஒட்டி வைத்தால் வீட்டு வீடியோவுக்குப் போதுமானது. முகம் தெரியாத இணையதளத்தில் குடும்பப் படத்தை ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எனக்கு உண்மையான கவலை பழைய கல்யாண வீடியோத் தட்டுகளைப் பற்றித்தான். விசிடியில் இருப்பது 352 × 288 பிக்சல் எம்பெக்-1. அதிக நேரம் பதிய வேண்டும் என்று, பிழைதிருத்தத்துக்கான இடத்தையும் அதில் குறைத்துவிட்டார்கள். கீறல் விழுந்தால் தரவுத் தட்டைவிட எளிதில் கெடும். முதலில் தட்டில் இருப்பதை அப்படியே கணினிக்கு நகலெடுங்கள், மாற்றுவது பிறகு. டிவிடியானால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அதன் படம் 720 × 576. பிக்சல்கள் சதுரமானவை அல்ல. அகல உயர விகிதம் 4:3 என்று சொல்லாமல் மாற்றினால் மணமக்கள் ஒல்லியாகத் தெரிவார்கள். இன்னொன்று, ஒவ்வொரு பிரேமிலும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்த இரண்டு அரைப்படங்கள் வரிவரியாகப் பின்னியிருக்கும். ‘டீஇன்டர்லேஸ்’ செய்யாவிட்டால் அட்சதை தூவும் கைகளின் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும். பிரித்து, நொடிக்கு 50 பிரேமாக வெளியிட்டால் அசைவு கேமரா பிடித்தபடியே வழுக்கிச் செல்லும். மூல நகலை மட்டும் அழித்துவிடாதீர்கள்: இன்னும் பத்து ஆண்டில் வரும் கோடெக்குக்கும் அதிலிருந்துதான் மாற்ற வேண்டியிருக்கும்.