கல் வீதியைக் காத்த பந்தயம்

வீதி கரடுமுரடாயிருந்தால், அதைச் செப்பனிட்டுத் தார் போடும்படி கேட்பதே நம் வழக்கம். ஆனால், கரடுமுரடான வீதியைக் கரடுமுரடாகவே காக்கவேண்டுமென்று பாடுபடும் மக்களும் உலகில் இருக்கின்றார்கள். பிரான்சு தேசத்தின் வடபகுதியிலே அவர்களை நாம் காணலாம். பாரிஸ்-றூபே சைக்கிளோட்டப் பந்தயமே அதற்குக் காரணம்.

றூபே ஒரு நெசவாலை நகரம். அந்நகரத்து ஆலை முதலாளிகள் இருவர், தாம் கட்டுவித்த சைக்கிளோட்ட அரங்கிற்குப் பேர் தேடும் பொருட்டு, 1896ஆம் ஆண்டிலே இப்பந்தயத்தைத் தொடக்கினர். ஜெர்மானியரான யோசெப் பிஷர் முதல் வெற்றியைப் பெற்றார். முதலாம் மகாயுத்தம் முடிந்தபின், 1919இல், பந்தயத்திற்கு வழி பார்க்கச் சென்றோர் குண்டுகளாற் குழியுண்ட நிலத்தையும் கரிந்த மரங்களையும் கண்டு திகைத்தனர். ‘வடக்கின் நரகம்’ என்ற பெயர் அன்று எழுந்தது, இன்றும் நிலைத்திருக்கிறது.

1977 முதல், பாரிசுக்கு வடக்கேயுள்ள கொம்பியேனிலிருந்து பந்தயம் புறப்படுகிறது. ஒரே நாளில் ஏறக்குறைய 260 கிலோமீற்றர் ஓடவேண்டும். அதிலே சுமார் 55 கிலோமீற்றர் கருங்கல் பாவிய பழைய பாதை. மழை பெய்தாற் சேறு. வெயில் எறித்தாற் புழுதி. 1998இல் பெல்ஜிய வீரர் யோகான் மூசேவ் ஆரன்பேர்க் காட்டுப் பாதையில் விழுந்து, முழங்காலெலும்பு நொறுங்கி, புண் அழுகிக் காலையே இழக்கும் நிலையை அடைந்தார். அவரே 2000இல் முதல்வராக வந்து, அந்த முழங்காலைச் சுட்டிக் காட்டியபடி எல்லையைக் கடந்தார்.

அந்தக் காட்டுப் பாதைக்கு ஒரு கதையுண்டு. 1960ஆம் ஆண்டுகளில் வீதிகளுக்கெல்லாம் தார் போடப்பட்டு வந்தமையாற் கல்வீதிகள் அருகின. கரடுமுரடான வீதி வெளியுலகிற்குத் தெரிவது ஊருக்கு இழுக்கென எண்ணிய நகரத் தலைவர்களும் இருந்தனர். பந்தயம் தன் இயல்பை இழந்துவிடும் போலிருந்தது. அவ்வேளையில் ஆரன்பேர்க் பாதையை எடுத்துச் சொன்னவர் ஜான் ஸ்தாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்து, இளமையில் ஆரன்பேர்க் நிலக்கரிச் சுரங்கத்திலே உழைத்து, 1962இல் உலகப் பந்தயத்தில் வெற்றி பெற்றவர் அவர். அவர் சொற்படி 1968இல் அப்பாதை பந்தயத்திற் சேர்க்கப்பட்டது. எந்த நிலத்தின் அடியிலே கூலிக்கு உழைத்தாரோ, அந்த நிலத்தின் மேலேயே அவருடைய நினைவுக்கல் இன்று நிற்கிறது.

பின்னர் ‘பாரிஸ்-றூபேயின் நண்பர்கள்’ என்னும் சங்கம் தோன்றியது. பெயர்ந்த கற்களை எடுத்து, மண்ணைச் சமன்செய்து, மீண்டும் பதிப்பது அதன் தொண்டு. தோட்டக்கலை பயிலும் மாணவர்களும் இப்பணியிலே கைகொடுக்கின்றனர். ஒருகாலத்தில் வெட்கப்பட்டு மறைத்த கற்களை அவ்வூரார் இன்று பெருமையோடு காக்கின்றார்கள். 2021இல் பெண்களுக்கும் இப்பந்தயம் தொடங்கப்பட்டது. பிரித்தானியாவின் லிசி டெய்க்னன் முதல் வெற்றியைப் பெற்றார்.

வெற்றி பெறுவோருக்கு வெள்ளிக் கிண்ணம் வழங்கப்படுவதில்லை. அந்த வீதியின் கருங்கல் ஒன்றே பரிசு. வசதிக்கு உதவாதது என்று நாம் ஒதுக்கும் பழம்பொருள்களுள், காக்கத் தக்கவை எவை என்பதை ஆராய்ந்து அறிதல் நன்று. ஒருமுறை தார் மூடிய கல்லை மீட்டெடுத்தல் எளிதன்று.