ஏகாந்தம் இனிதாவது எப்போது?

இன்பம் தருவது யாதென முருகப் பெருமான் வினவ, ஔவைப் பிராட்டி விடை பகர்ந்த வரலாற்றைத் தமிழ்ச் சிறுவரும் அறிவர். அவ்விடையில் ஏகாந்தம் முதற்கண் நிற்பதைப் பலரும் எடுத்துரைப்பர். அது முதற்படியே, முடிந்த படியன்று என்பதை மறந்துவிடுவர். தனித்திருத்தலினும் இறைவனைத் தொழுதல் இனிது. அதனினும் அறிவுடையாரைச் சேர்தல் இனிது. அவரைக் கனவிலும் நனவிலும் காண்டல் எல்லாவற்றினும் இனிது. தனிமையில் அரும்பும் இன்பம் நல்லார் கூட்டத்திலே கனிகின்றது என்பதே பிராட்டியின் கருத்து.

இதற்கு இலக்கியமாய் வாழ்ந்தவர் யோகர் சுவாமிகள். 1872ஆம் ஆண்டு பிறந்து 1964இல் சமாதியெய்திய அப்பெரியார், நல்லூர்ச் செல்லப்பா சுவாமிகளின் மாணாக்கர். மனைவி மக்கள் இலராய், கொழும்புத்துறைக் குடிலொன்றிலே பன்னெடுங்காலம் தனித்துறைந்தார். ஆயினும், உழவரும் உத்தியோகத்தரும் மாணவரும் அக்குடிலை நாடிச் சென்று அமைதி பெற்று மீண்டனர். 'சிவதொண்டன்' இதழ் 1935இல் தோன்றியதும் அவர் வழிகாட்டலினாலேயே. சும்மா இருக்கக் கற்பித்தவரே தொண்டு செய்யவும் கற்பித்தார்!

அது விரும்பி ஏற்ற தனிமை. எமது தீவகத்து முதியோர் பலர்க்கு வாய்த்ததோ காலம் சுமத்திய தனிமை. 1990இல் மூண்ட போரினால் வேலணை, மண்டைதீவு, அல்லைப்பிட்டி முதலாய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். பின்னர் மீண்டோர் சிலரே. அவர்தம் பிள்ளைகளிற் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். பலர் வாழ்ந்த நாற்சார் வீட்டிலே இன்று விளக்கேற்ற ஒருவரே உளர்.

வேலணையில் அத்தகைய மூதாட்டியார் ஒருவரை யான் அறிவேன். "ஆச்சி, தனியே இருப்பது துன்பமன்றோ?" என்றேன். "தனிய எங்கை தம்பி இருக்கிறன்? விடிய ஆட்டுக்குக் குழை முறிக்க வேணும், பூமரத்துக்குத் தண்ணி வார்க்க வேணும், பின்னேரம் கோயிலிலை புராணம் கேக்க வேணும்" என்றார். கந்தபுராண படனத்தில் ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். அங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவ்வம்மையாரின் முகத்தைக் கண்டார், ஔவை கூறிய படிகள் அனைத்தையும் ஒருங்கே காண்பர்.

ஆயினும், எல்லா முதியோர்க்கும் கோயில்வரை நடக்கக் கால்கள் இடங்கொடா. பிள்ளைகள் அனுப்பும் பணம் மருந்து வாங்கும், பேச்சுத்துணை வாங்காது. படலை திறந்திருக்கும் தனிமை ஏகாந்தம். ஒருவரும் படலை திறவாத தனிமை சிறை. எனவே, அன்பர்காள், ஏகாந்தத்தின் இனிமையை மேடையிற் புகழுமுன், அயல்வீட்டுப் படலையைத் திறந்து, அத்திண்ணையிற் சிறிதுபொழுது அமர்ந்து வருவோமாக.