அழியாத மையும் போலி ஈயும்

தாம்பரம் கடைத்தெருவில் 'அழியாத மை' என்று கேட்டால் மார்க்கர் பேனா கிடைக்கும். அது உண்மையிலேயே அழியாததா?

டிரவுட் மீன் பிடிப்போருக்கு இது முக்கியமான கேள்வி. நம் நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ஆம் ஆண்டு இம்மீனுக்கென்றே குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். டிரவுட் பூச்சிகளை விரும்பித் தின்னும். ஆகவே தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிப் போலி ஈ செய்வார்கள். வெள்ளை இறகுக்கு நிறமூட்ட மார்க்கரே எளிய வழி.

அதன் மையில் சாயம், பிசின், ஆல்கஹால் போன்ற கரைப்பான் ஆகியவை உள்ளன. கரைப்பான் ஆவியானதும், நீரில் கரையாத பிசின் சாயத்தை இறகோடு பிணைக்கிறது. எனவே ஓடை நீரில் நிறம் போகாது. ஆனால் முடிச்சு அவிழாதிருக்க நகப்பூச்சு தடவினாலோ, அதிலுள்ள கரைப்பான் மையைக் கரைத்து நிறத்தைப் பரப்பிவிடும். வெயிலும் சில சாயங்களின் மூலக்கூறுகளைச் சிதைத்து வெளிறச் செய்யும்.

நீங்களே சோதியுங்கள். கோழி இறகுகள் மூன்றைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, ஒரே மார்க்கரால் வண்ணமிடுங்கள். மை காய்ந்தபின் ஒன்றை நீரிலும், ஒன்றைக் கைகளுக்குத் தடவும் சானிடைசரிலும் போடுங்கள். அருகில் தீ கூடாது. மூன்றாவதைப் பாதி மறைத்து இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். இப்படியே பல மார்க்கர்களை ஒப்பிடுங்கள்.

நீரிலும் வெயிலிலும் நிறம் மாறாததே போலி ஈக்கு ஏற்றது. சானிடைசரில் அது கரைந்தால், நகப்பூச்சைத் தவிர்த்து, நீர் கலந்த பூச்சைத் தடவுங்கள். 'அழியாத மை' என்றால், 'எதில் அழியாது?' என்று கேட்பதே அறிவியல்.