உஷார்! லாங் ரன் முடிந்ததும் நேரே டிபனுக்கா?

ஞாயிறு விடியற்காலை பெசன்ட் நகரிலோ ஈசிஆரிலோ இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு, கூட்டமாகப் போய் டிபன் கடையில் உட்காருவது சென்னையில் பலருக்கும் வாரத்தின் பெரிய சந்தோஷம். பொங்கல், வடை, ஃபில்டர் காபி, அரட்டை என்று பொழுது போவதே தெரியாது. அந்தச் சந்தோஷம் அவர்கள் உழைத்துச் சம்பாதித்தது. ஆனால் ஓட்டம் நின்றதும் ஆபத்தும் நின்றுவிட்டது என்று மட்டும் நம்பாதீர்கள். அடுத்த இரண்டு, மூன்று மணி நேரத்தில்தான் பல விபரீதங்கள் தலைகாட்டுகின்றன. மேசையைச் சுற்றி இருப்பவர்களோ அதைச் சாதாரணக் களைப்பு என்று விட்டுவிடுகிறார்கள்.

தண்ணீரிலும் ஆபத்து உண்டு

கடை வாசலில் இடத்துக்காகக் காத்திருக்கும்போது ஒருவர் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். டி-ஷர்ட்டில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தலைவலி, குமட்டல். "வெயில்தான்பா, நல்லா தண்ணி குடி" என்று ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டுகிறார்கள். அவர் ஓடும்போதே அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தவர் என்றால் அந்த பாட்டில் உயிருக்கே உலை வைக்கலாம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கி, வலிப்பு வரை போகும்.

2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. மூன்று பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவில். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தவர்களிடம் இது அதிகம்.

அறிகுறியை விரலிலேயே பார்க்கலாம். காலையில் தளர்வாக இருந்த மோதிரம் இறுகுகிறதா? வாட்ச் பட்டை கையில் பதிகிறதா? கூடவே தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஓடுமுன்னும் பின்னும் எடை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம் என்று அர்த்தம்.

இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போன உப்பை அது மட்டுமே ஈடுகட்டாது. உப்புப் போட்ட மோரோ, பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கலந்த ஓஆர்எஸ் கரைசலோ தாகத்துக்கு ஏற்ப, நிதானமாகக் குடிக்கலாம். ஓஆர்எஸ் என்ற பெயரில் சர்க்கரைப் பானங்கள் விற்கப்பட்டதால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் இல்லாதவற்றுக்கு அந்தப் பெயர் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை போட்டது. லேபிளைப் படித்து வாங்குங்கள்.

வலி மாத்திரை வேண்டவே வேண்டாம்

முட்டி வலிக்கிறதென்று காபிக்கு முன்னாலேயே இபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ போட்டுக்கொள்பவர்கள் நிறைய. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைவு. இந்த மாத்திரைகள் அதை இன்னும் குறைக்கும். 80 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், இபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரகம் அடிபட்டது தெரிந்தது. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து ரத்தத்தில் கலப்பதன் அறிகுறியாக இருக்கலாம். திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்களே, உங்களுக்குத்தான்!

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு ஓடி முடித்துப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம். கடையில் க்யூ நீண்டால் சாப்பாடும் தள்ளிப்போகும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, எரிச்சல் வந்தால் உடனே குளுக்கோஸ் தேவை. அதைப் பையில் வைத்துக்கொண்டே ஓடுங்கள். மருந்தின் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சர்க்கரை இல்லாதவர்களும் ஓடி முடித்ததும் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு க்யூவில் நிற்பது நல்லது.

"கேஸ்தான்" என்று சொல்லாதீர்கள்

பொங்கல் சாப்பிட்டதும் நெஞ்சு அடைக்கிறது, தாடையோ இடது கையோ வலிக்கிறது என்றால் சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடியவருக்கு மாரடைப்பு வராது என்று எந்த விதியும் இல்லை. உடனே 108-ஐ அழையுங்கள். அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.

வரும் ஞாயிறு முதல்

ஓட்டம் முடிந்ததும் சட்டென்று நிற்காமல் பத்து நிமிடம் நடங்கள். திடீரென நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரலாம். ஈர உடையை மாற்றுங்கள். டிபன் கடைக்குப் பதில் பஃபே விருந்துக்குப் போனால் பியர் கிளாஸை எடுக்காதீர்கள். மூன்றரைக்கு எழுந்தவர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஈசிஆரில் கார் ஓட்டினால் கண் சொக்கும். நன்றாகத் தூங்கியவரிடம் சாவியைக் கொடுங்கள்.

குழுவில் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, வீட்டு போன் எண் எது என்பது குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சேர்ந்து ஓடியவர்கள் எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று மதியம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.