பழைய தொலைநோக்கியில் தொலைதூர அண்டங்கள்

தூறல் மழையில் கையை நீட்டினால் உள்ளங்கை சற்றே நனையும். அதே தூறலில் ஓர் அகன்ற அண்டாவை இரவெல்லாம் வைத்திருந்தால் காலையில் நீர் சேர்ந்திருக்கும் அல்லவா? தொலைவிலுள்ள அண்டங்களைப் படம் பிடிப்பதும் இப்படிப்பட்ட வேலையே. தொலைநோக்கியின் குழியாடிதான் அண்டா. அண்டத்தின் மங்கிய ஒளிதான் தூறல். நம் கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. புகைப்படக் கருவி சேர்த்து வைக்கும்.

1888ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் என்பவர் ஆண்ட்ரமீடா அண்டத்தைப் படம் எடுத்தார். அவர் கட்டட ஒப்பந்தக்காரர். வானியல் அவருக்குப் பொழுதுபோக்கு. அவருடைய தொலைநோக்கியின் ஆடி 50 செ.மீ. விட்டமுள்ளது. கண்ணுக்கு வெறும் வெண்புகையாகத் தெரிந்த அது, படத்தில் சுருள் வடிவம் காட்டியது. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள தனி அண்டம் அது என்று அவருக்குத் தெரியாது. அது நம் பால்வெளிக்கு அப்பாற்பட்டது என்பதை 1920களில் ஹபிள் நிறுவினார். நம் காவலூரில் 1968இல் முதன்முதலாக நிறுவிய தொலைநோக்கியும் 38 செ.மீ. விட்டமுள்ளதே.

பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் ஒரு மாணவரிடம் 15 செ.மீ. ஆடியும் 120 செ.மீ. குவியத்தூரமும் உடைய பழைய தொலைநோக்கி இருப்பதாகக் கொள்வோம். அதைக் கொண்டு அண்டங்களைப் படம் எடுக்க முடியுமா? முடியும். ஆனால் பூமி சுழல்கிறதே, அதுதான் முதல் இடையூறு. வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால், அசையாத தொலைநோக்கியில் ஒரே நொடியில் விண்மீனின் பிம்பம் 0.09 மில்லிமீட்டர் வரை இழுபட்டுக் கோடாகிவிடும். ஆகவே தொலைநோக்கியை ஒரு மோட்டார் மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது சுழலும் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்கி இருக்க வேண்டும்.

இங்கேதான் நம் ஊருக்கே உரிய சிக்கல் வருகிறது. ஓரிடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில் துருவம் இருக்கும். குன்னத்தில் அது 11 பாகைதான். மேனாட்டுப் பழைய தொலைநோக்கிகள் பலவற்றின் தாங்கிகள் 40, 50 பாகைக்கென்று செய்யப்பட்டவை. அவை இவ்வளவு தாழ்வாகச் சாயா. எனவே சாய்வான இரும்புத் தகடு பதித்த கனமான சிமெண்டுத் தூண் ஒன்று தேவை. துருவ நட்சத்திரமோ பனைமரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். அப்போது தென்வானில் உச்சியை எட்டும் ஒரு விண்மீனைப் பார்க்க வேண்டும். அது பார்வையில் வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்தால், அச்சு கிழக்கு மேற்காக விலகியுள்ளது என்று பொருள். நகர்வு நிற்கும்வரை திருத்த வேண்டும்.

அக்காலப் படச்சுருள் தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கையே பதிவு செய்தது. இன்றைய மின்னணு உணரிகள் பாதிக்கு மேல் பதிவு செய்கின்றன. அரை நிமிடப் படங்கள் நூறு எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றாகச் சேர்த்தால், ஒரே படத்தில் உள்ளதைவிடப் புள்ளிக் கறைகள் பத்தில் ஒரு பங்காகக் குறையும். பழைய ஆடிக்குப் புத்துயிர் தருவது இதுவே.

நமக்கு ஒரு சலுகையும் உண்டு. மார்கழி முன்னிரவில் ஆண்ட்ரமீடா இங்கே வடவானில் சுமார் 60 பாகை உயரத்தில் இருக்கும். சித்திரை நள்ளிரவில் சென்டாரஸ்-ஏ அண்டம் தெற்கே 35 பாகை உயர்ந்து நிற்கும். லண்டன் மாணவருக்கு அது ஒருபோதும் உதிப்பதில்லை!

பெரம்பலூர், அரியலூர் மண்ணில் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைப்பதை அறிவீர்கள். பத்துக் கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள அண்டத்திலிருந்து இன்று வரும் ஒளி புறப்பட்டபோது, இப்பகுதியில் கடல் அலை வீசிக்கொண்டிருந்தது. அந்த ஒளி இத்தனை காலம் பயணம் செய்து, கடைசி நொடியில் நம் தெருவிளக்கின் வெளிச்சத்தில் தொலைந்துபோகலாமா? விளக்குகளுக்குக் கீழ்நோக்கிய மூடி போட்டாலே வானம் இருண்டிருக்கும். தொலைநோக்கி பழையதாக இருக்கலாம். இருண்ட வானம்தான் விலை மதிப்பற்றது.