ஊர் வளர்க்கும் நாடகம்

நாடகம் என்றதும் எங்களுக்குப் பள்ளி ஆண்டு விழாவும், அம்மாவின் பட்டுச் சேலையில் சோடித்த அரச உடையுமே நினைவுக்கு வரும். கர்நாடகத்தில், சிவமொக்கா மாவட்டத்தில், பாக்குத் தோட்டங்களின் நடுவே உள்ள ஹெக்கோடு என்னும் சிற்றூரோ நாடகத்தால் பெயர் பெற்றது. 1949-இல் அங்கே தோன்றிய சங்கம் ‘நீநாசம்’. அதனை வளர்த்த கே. வி. சுப்பண்ணாவுக்கு 1991-இல் மகசேசே விருது கிடைத்தது. அவரும் பாக்கு விவசாயிதான்! 1980-இல் நாடகப் பள்ளி தொடங்கினர். 1985-இல் ‘திருகாட்ட’ என்னும் குழு ஊர் ஊராகச் சென்று நடிக்கப் புறப்பட்டது.

இலாபம் கருதாத இத்தகைய குழுக்களுக்கு உதவச் செல்வர்களாய் இருக்க வேண்டுவதில்லை. விளக்கு, ஒலிபெருக்கி, வண்டி வாடகை, நடிகர்களின் சாப்பாடு எல்லாம் திரை விலகுமுன்பே செலவாகிவிடும். டிக்கெட் பணமோ கடைசியில்தான் வந்து சேரும். ஆகவே, முன்னதாகவே டிக்கெட் வாங்குவது பேருதவி. வெளியூர் நடிகர்களுக்கு ஓரிரவு தங்க இடம் தரலாம். தையல் தெரிந்தவர்கள் உடை தைத்துத் தரலாம்.

நாங்களோ இதுவரை, நடிப்பவர் தெரிந்தவர் என்றால் இலவசப் ‘பாஸ்’ கேட்டு வாங்கி, முன்வரிசையிலும் அமர்ந்திருக்கிறோம். அடுத்த மாதம் எங்கள் ஊர்க் குழுவின் நாடகம் வருகிறது. அதற்காக எங்கள் வகுப்பில் பத்துப் பேர் இப்போதே காசு சேர்த்து வருகிறோம்.